உள்ளே துரைமார் விருந்து. வாசலில் கஞ்சித் தண்ணீருக்கு அழுகை!

இந்தியாவில் இத்தாலிக்காரர்கள் நடத்திய பெரிய ஓட்டல்களின் கதை

சீர்காழிக்கு ஒரு பெருமை உண்டு. பசித்து அழுத குழந்தைக்கு அம்பாளே வந்து பால் கொடுத்த ஊர் அது.

ஞானசம்பந்தருக்கு அப்போது மூன்று வயது. தகப்பனார் கோவில் குளத்தில் இறங்கி முழுகினார். அப்பாவைக் காணோமே என்று பிள்ளை கரையில் நின்று அழுதது. அழுகைச் சத்தம் கேட்டு உமாதேவி வந்தாள். பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள். இப்படிப் புராணம் சொல்கிறது. இன்றும் சித்திரை மாதத்தில் சட்டநாதர் கோவிலில் திருமுலைப்பால் விழா நடக்கிறது.

அந்தக் கோவிலைப் பார்த்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் நுழைந்தேன். நல்ல கூட்டம். எனக்கு அடுத்த இலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கொள்ளிடக்கரைப் பக்கத்து விவசாயி. பேரனுக்குச் செருப்பு வாங்க டவுனுக்கு வந்தவர்.

பேரனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, எனக்குச் சோறு வேணாம். பீசாதான் வேணும்."

"அது என்னடா பீசா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அது எந்த ஊர்ப் பலகாரம்?"

"இத்தாலி தேசத்துப் பலகாரம், ஐயா. கோதுமை மாவை அடை மாதிரி தட்டி, மேலே தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுடுவார்கள்."

பெரியவர் சிரித்தார். "இத்தாலிக்காரன் நம்ம ஊருக்குள்ளேயும் வந்துட்டானா!"

"அவர்கள் இந்தியாவுக்கு வந்து 150 வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஐயா. ஆனால் முதலில் அவர்கள் சமைத்தது நமக்காக இல்லை. லாட் துரைக்காக!"

"அப்படியா? சொல்லுங்க, கேப்போம்."

அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

சர்க்கரைச் சிற்பி

1869-ம் ஆண்டு. மேயோ பிரபு இந்தியாவின் வைசிராயாக இருந்தார். வைசிராய் என்றால் யார்? இங்கிலாந்து ராணிக்குப் பதிலாக இந்தியாவை ஆண்டவர். அவரைத்தான் நம் ஜனங்கள் "லாட் துரை" என்றார்கள்.

அந்த லாட் துரையின் மாளிகைக்குக் கேக்கும் இனிப்பும் செய்ய ஓர் ஆள் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஃபெடெரிகோ பெலிட்டி. வயது 25. வட இத்தாலியில் பீட்மாண்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கரிஞானோ என்ற ஊரில் 1844-ல் பிறந்தவர். அவர் சிலை செய்யப் படித்தவர். கல்லில் காட்ட வேண்டிய கைத்திறமையைச் சர்க்கரையில் காட்டினார்!

மூன்று ஆண்டுகள் சென்றன. 1872-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி, அந்தமான் தீவைப் பார்க்கப் போன மேயோ பிரபுவை ஒரு கைதி கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான். எஜமானர் போய்விட்டார். பெலிட்டி ஊருக்குத் திரும்பினாரா? இல்லை. கல்கத்தாவில் சொந்தமாகக் கடை தொடங்கினார். அந்தக் கல்கத்தாதான் இன்றைய கொல்கத்தா. அப்போது இந்தியாவின் தலைநகரம் அதுதான். கவர்னர் ஜெனரல் மாளிகை இருந்த வட்டாரத்திலேயே பெலிட்டியின் கடை.

பாரீஸ் நகரத்தில் 1889-ல் ஈபில் கோபுரம் கட்டினார்கள் அல்லவா? அதே கோபுரத்தைச் சர்க்கரையால் செய்து காட்டினார் பெலிட்டி. கல்கத்தா துரைமார்கள் வாயைப் பிளந்தார்கள்.

மலை மேல் கடை

அந்தக் காலத்தில் வெயில் வந்துவிட்டால் அரசாங்கமே மூட்டை கட்டும். வைசிராய், மந்திரிகள், தளபதிகள், குமாஸ்தாக்கள், காகிதக் கட்டுகள் எல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இமயமலையில் இருக்கும் சிம்லாவுக்குப் போகும். 1864-ல் இருந்து சிம்லாதான் கோடைகாலத் தலைநகரம்.

வாடிக்கைக்காரர் எங்கே போகிறாரோ, கடைக்காரரும் அங்கே போகத்தானே வேண்டும்? பெலிட்டி சிம்லாவின் மால் ரோட்டிலும் கடை போட்டார். அங்கே தேநீர் குடிக்கப் போவது ஒரு கௌரவம். யாருக்கு உத்தியோக உயர்வு, யாருக்கு மாற்றல், எந்த துரைசானிக்கு எவரோடு சண்டை என்ற பேச்செல்லாம் அந்த மேஜைகளில்தான். கிப்ளிங் என்ற ஆங்கில எழுத்தாளர் எழுதிய சிம்லாக் கதைகளில் பெலிட்டியின் கடையும் வருகிறது. பெலிட்டி 1914-ல் காலமானார்.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்தது என்ன? தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் வீட்டுக் கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் தொடங்கி 1878 வரை நீடித்த பஞ்சம் அது. சென்னை ராஜதானியில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1877-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, டில்லியில் லிட்டன் பிரபு ஒரு பெரிய தர்பார் நடத்தினார். விக்டோரியா ராணிக்கு இந்தியச் சக்கரவர்த்தினி என்று பட்டம் சூட்டும் விழா. ராஜாக்களும் துரைமார்களும் வந்து குவிந்தார்கள். விருந்தோ விருந்து!

உள்ளே விருந்து, வெளியே பசி. இது நம் கதையில் மறுபடியும் வரப்போகிறது. மறந்துவிடாதீர்கள்.

சென்னையில் ஓர் ஓட்டல்

சென்னைக்கும் இப்படி ஒருவர் வந்தார். ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பது அவர் பெயர். கவர்னர் மாளிகை விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தவர். பிறகு மவுண்ட் ரோடில் சொந்த ஓட்டல் வைத்தார். இன்றைய அண்ணா சாலைதான் அந்த மவுண்ட் ரோடு. பணமும் பதவியும் உள்ளவர்கள் அங்கேதான் தங்கினார்கள், அங்கேதான் சாப்பிட்டார்கள்.

இவர் சமையலோடு நிற்கவில்லை. 1909-ல் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. "நாமும் பறந்தால் என்ன?" என்று ஆஞ்சலிசுக்கு ஆசை பிறந்தது. ஒரு விமானம் செய்வித்து, 1910-ல் சென்னையில் பறந்தும் காட்டினார்! ஓட்டல்காரர் பறந்ததைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள்.

பின்னால் அந்த ஓட்டல் பொசொட்டோ என்ற பெயருக்கு மாறியது. அதுவும் இத்தாலியப் பெயர்தான்.

ஃபிர்ப்போ

இந்த வரிசையில் எல்லாரையும்விடப் பெயர் வாங்கியவர் ஏஞ்சலோ ஃபிர்ப்போ. அவரும் இத்தாலிக்காரர். 1917-ல் கல்கத்தாவில், சௌரிங்கி ரோடில் ஓட்டல் திறந்தார். எதிரே பரந்த மைதானம். மாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் காற்று வரும். கீழே மோட்டார்களும் டிராம் வண்டிகளும் போவது தெரியும்.

யார் யார் அங்கே சாப்பிட்டார்கள்? வெள்ளைக்கார அதிகாரிகள், சணல் ஆலை முதலாளிகள், தேயிலைத் தோட்டத்து துரைமார்கள், ராணுவத் தளபதிகள், மகாராஜாக்கள், பெரிய பணக்காரர்கள். மாலையில் பாண்டு வாத்தியம் முழங்கும். நடனம் நடக்கும். அதற்கென்று தைத்த உடை போட்டுக்கொண்டுதான் போவார்கள். ஃபிர்ப்போ கடை ரொட்டி என்றால் கல்கத்தாவில் தனி மதிப்பு.

அப்படிப்பட்ட இடத்தில் எப்படிச் சாப்பிடுவார்கள்? நம் பந்தியில் முதலிலேயே இலை நிறையக் கறிவகைகளை வைத்துவிடுகிறோம். அங்கே அப்படி இல்லை. ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று வரும். முதலில் நாக்குக்கு ருசி காட்ட ஏதாவது கொஞ்சம். பிறகு சூப். பிறகு மீன். பிறகு இறைச்சி. கடைசியில் இனிப்பு, காப்பி. ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு. தனிக் கத்தி, முள்கரண்டி. தட்டுக்கு இரண்டு பக்கமும் அவற்றை வரிசையாக வைத்திருப்பார்கள். எதை முதலில் எடுப்பது? வெளியே இருப்பதை முதலில் எடுக்கவேண்டும். பிறகு அதற்கு அடுத்தது. இவ்வளவுதான் ரகசியம். தெரியாதவர்களுக்கு வியர்த்துக் கொட்டும்!

இதைச் சொன்னதும் சீர்காழிப் பெரியவர், "நம்ம சாப்பாட்டுலேயும் வரிசை இருக்கே தம்பி. சாம்பார், ரசம், பாயசம், மோரு. ஆனா கை ஒண்ணுதான்!" என்றார்.

உண்மைதான். இத்தாலியர்கள் தங்கள் வீட்டில் சாப்பிடும்போதும் இப்படி ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் சில்லறைத் தின்பண்டம். அடுத்து மாவுப் பண்டமோ அரிசிச் சோறோ வரும். அதற்குப் பிறகுதான் மீனும் கறியும். சோறு என்றதும் வியப்பாக இருக்கிறதா? இத்தாலியும் நெல் விளையும் நாடுதான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஃபிர்ப்போவின் வாசலுக்குப் போவோம்.

1943

ஃபிர்ப்போ ஓட்டலில் ராத்திரி தோறும் விளக்கு எரிந்தது. யுத்தம் வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அமெரிக்கச் சிப்பாய்களும் கல்கத்தாவில் நிறைந்தார்கள். ஓட்டலில் கூட்டம் இன்னும் பெருகியது.

ஆனால் வெளியே?

1942-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி வருவது நின்றது. ஜப்பானியர் வங்காளத்துக்கும் வந்துவிட்டால் என்ன செய்வது? அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று கடலோரத்தில் இருந்த படகுகளை அரசாங்கமே பறித்துக்கொண்டது. அரிசியையும் அங்கிருந்து அப்புறப்படுத்தியது. படகு போனால் மீனவனுக்குப் பிழைப்பு ஏது? நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோவது எப்படி? அதே ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி மேதினிப்பூர்க் கடற்கரையில் பெரும்புயல் அடித்தது. வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறியது. பட்டாளத்துக்காகவும் பட்டணத்துக்காகவும் அரிசி வாங்கிக் குவித்தார்கள். இன்னும் விலை ஏறும் என்று வியாபாரிகள் மூட்டைகளைப் பதுக்கினார்கள். அரிசி விலை பல மடங்கு ஏறியது.

கிராமத்துக் கூலி ஆளிடம் நிலம் இல்லை. நெல் இல்லை. அன்றாடக் கூலிதான் சொத்து. அந்தக் கூலிக்கு முன்பு ஒரு குடும்பம் சாப்பிட அரிசி கிடைத்தது. இப்போது ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை. பாத்திரத்தை விற்றார்கள். கூரைத் தகட்டை விற்றார்கள். பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவுக்கு நடந்தார்கள்.

அங்கே வந்து அவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா?

சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் யார் கொடுப்பார்கள்? "அம்மா, கஞ்சித் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டார்கள். சோறு வடித்த பிறகு நாம் மாட்டுக்கு வைக்கிறோமே, அந்தத் தண்ணீர்! வீடு வீடாக, தெருத் தெருவாக அந்தக் குரல் கேட்டது. அந்தக் காலத்தில் கல்கத்தாவில் இருந்தவர்கள் அந்தக் குரலைச் சாகும் வரை மறக்கவில்லை.

சௌரிங்கியின் நடைபாதையிலும் அவர்கள் கிடந்தார்கள். ஃபிர்ப்போவில் தட்டுக்கு மேல் தட்டாக உணவு வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர்கள், கிடந்தவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கிடந்தவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள். சிலர் இல்லை.

பஞ்சத்தில் இறந்தவர்கள் 15 லட்சம் என்று 1945-ல் விசாரணைக் கமிஷன் கணக்குச் சொன்னது. அது குறைவு, சுமார் 30 லட்சம் இருக்கும் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு பத்திரிகை

இத்தனைக்கும் "பஞ்சம்" என்ற வார்த்தையை அரசாங்கம் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் சட்டப்படி உதவி செய்யவேண்டுமே! வைசிராயாக இருந்த லின்லித்கோ பிரபு, பஞ்சம் நடந்த வங்காளத்துக்கு ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை.

சௌரிங்கிப் பகுதியில்தான் "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையின் காரியாலயமும் இருந்தது. அது வெள்ளைக்காரர்களின் பத்திரிகை. ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயர். தெருவில் கண்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. எழுத்துக்குத் தணிக்கை இருந்தது. ஆகவே படமாகப் போட முடிவு செய்தார். 1943-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நடைபாதையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த தாய்மார்கள், குழந்தைகளின் படங்கள் அவருடைய பத்திரிகையில் வெளிவந்தன.

அதன் பிறகுதான் டில்லி திரும்பிப் பார்த்தது. லண்டனும் திரும்பிப் பார்த்தது. அக்டோபரில் வேவல் பிரபு புது வைசிராயாக வந்தார். பதவி ஏற்ற சில நாட்களில் கல்கத்தாவுக்குப் போனார். தெருக்களை நேரில் பார்த்தார். உணவு கொண்டுபோய்க் கொடுக்க ராணுவத்தை அனுப்பினார். அதற்குள் லட்சக்கணக்கான பேர் போய்விட்டார்கள்.

அப்போது சாந்திநிகேதனத்தில் ஒரு சிறுவன் இருந்தான். வயது ஒன்பது. ஊர் வழியாகப் பசியோடு போன கூட்டத்தைப் பார்த்தான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பெரிய பொருளாதார அறிஞரான அமர்த்தியா சென். 1998-ல் நோபல் பரிசு பெற்றவர். பஞ்சங்களைப் பற்றி 1981-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். வங்காளத்தில் அரிசி அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. அதை வாங்கும் சக்தி ஏழைகளுக்கு இல்லாமல் போய்விட்டது என்று அதில் காட்டினார். அரிசி இருந்தது; அவர்கள் கைக்கு எட்டவில்லை!

ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஆளும் நாட்டில், பத்திரிகைகள் தாராளமாக எழுதும் நாட்டில், பெரிய பஞ்சம் வருவதில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஏன்? அழுகைச் சத்தம் ஆளுகிறவர் காதில் விழுந்துவிடும். விழுந்தும் கேட்காதவர் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போவார்.

நட்டவர்கள்

அந்தப் பஞ்சத்தில் அதிகமாக மாண்டவர்கள் யார்? வயலில் வேலை செய்த கூலிக்காரர்கள், மீனவர்கள், கிராமத்துக் கைத்தொழிலாளர்கள். நெல்லை விளைவித்தவர்களே சோற்றுக்கு இல்லாமல் செத்தார்கள்.

இதைச் சொன்னபோது பெரியவர் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "இத்தாலியிலேயும் நெல்லு இருக்குன்னீங்களே?" என்று கேட்டார்.

இருக்கிறது. சர்க்கரைச் சிற்பி பெலிட்டி பிறந்த பீட்மாண்ட் பகுதிதான் அங்கே நெல்லுக்குப் பேர் போனது. நமக்குக் காவேரி மாதிரி அவர்களுக்குப் போ நதி. அதன் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவர 1866-ல் ஒரு பெரிய கால்வாய் வெட்டி முடித்தார்கள். அவர்கள் அரிசி குண்டு அரிசி. அதைக் கழுவாமல் வெண்ணெயில் வதக்குவார்கள். கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுவார்கள். கடைசியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்ப்பார்கள். நம் வெண்பொங்கல் மாதிரி குழைவாக இருக்கும். நடுவில் மட்டும் பல்லில் லேசாகத் தட்டுப்படும். அதற்கு ரிசோட்டோ என்று பெயர். இன்று பெரிய பெரிய ஓட்டல்களில் அதற்கு நல்ல விலை.

அந்த நெல்லை யார் நட்டார்கள்? யார் களை எடுத்தார்கள்? பெண்கள்தான். வெளியூர்களிலிருந்து கூட்டமாக வருவார்கள். வெறுங்காலோடு முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். நாள் முழுவதும் குனிந்த முதுகு நிமிராது. களைப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடுவார்கள். கூலியில் ஒரு பகுதியை அரிசியாக வாங்குவார்கள். எல்லாம் நம் நடவுப் பெண்கள் மாதிரியே! எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யமாட்டோம் என்று 1906-ல் வெர்செல்லி என்ற ஊரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போராடிப் போராடி அந்த உரிமையைப் பெற்றார்கள். 1949-ல் அவர்களைப் பற்றி ஒரு சினிமாவும் வந்தது. "கசப்பு அரிசி" என்பது அதன் பெயரின் அர்த்தம்.

நம் தஞ்சைச் சீமையில் இந்தக் கசப்பு குறைவா? 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலி நெல்லுக்கான சண்டை ஓயவில்லை. 1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கூடக் கொஞ்சம் நெல் கூலி. நெற்களஞ்சியம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் மண்ணில் நடந்தது இது.

கதவு திறந்தது

இனி ஓட்டல் கதவைப் பற்றி ஒரு வார்த்தை.

வெள்ளைக்காரன் ஓட்டலில் மட்டும்தான் பாகுபாடு இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர்க் காப்பி கிளப்புகளிலும் இருந்தது. ஒரு சாதிக்குத் தனி இடம். ஒரு சாதிக்குத் தனிக் குவளை. சிலருக்கு வாசலோடு சரி. "பிராமணாள்" என்று ஓட்டல் பலகையில் எழுதும் வழக்கத்தை எதிர்த்துப் பெரியார் 1957-ல் சென்னையில் போராட்டம் நடத்தினார்.

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதி, மதம், இனம், ஆண் பெண், பிறந்த ஊர் ஆகிய காரணங்களைக் காட்டி எவரையும் கடையிலோ ஓட்டலிலோ உணவு விடுதியிலோ நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தில் ஓட்டலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சாப்பிடும் இடத்தில் பட்ட அவமானம் அவ்வளவு பெரியது! அம்பேத்கரும் மற்றவர்களும் அதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் ஓட்டலைப் பேர் சொல்லி எழுதினார்கள்.

ஃபிர்ப்போ என்ன ஆயிற்று? துரைமார்கள் கப்பல் ஏறினார்கள். புதுப் பணக்காரர்கள் வந்து சாப்பிட்டார்கள். சில காலம் நன்றாகவே நடந்தது. 1970-களில் ஓட்டல் இல்லாமல் போயிற்று. அந்தக் கட்டடம் துணிமணி விற்கும் மார்க்கெட் ஆனது. 2002-ல் அதிலும் ஒரு பெருந்தீ. அதிகாரம் படைத்தவர்கள் மேஜைக்குக் காத்திருந்த இடத்தின் கதை அப்படி முடிந்தது.

இன்றும் பெரிய நகரங்களில் பெரிய இத்தாலிய ஓட்டல்கள் இருக்கின்றன. மந்திரிகளும் முதலாளிகளும் போகிறார்கள். போகட்டும். நல்ல சாப்பாடு சாப்பிடுவது பாவம் இல்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது தெருவைப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடத் தட்டு

தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தது. எங்கே? பள்ளிக்கூடத்தில்!

1920-ம் ஆண்டிலேயே சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுத்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி அதை எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கும் விழா, நம் காவேரிப் பாசனப் பகுதியில் உள்ள திருக்குவளையில் நடந்தது. முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார்.

கட்சிகள் வேறு; தலைவர்கள் வேறு. ஆனால் ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. எந்த வீட்டுப் பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அங்கே எந்தப் பிள்ளையும் வாசலில் நிற்பதில்லை.

மறுபடியும் சீர்காழி

கதையைக் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்:

"2022-லே ஐப்பசி மழை ஞாபகம் இருக்கா தம்பி? ஒரே நாளு. ஊரே குளமாப் போச்சு."

ஞாபகம் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 12-ந் தேதி காலை வரையில் ஒரே நாளில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சம்பா நாற்றெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது.

"எங்க தெருவிலே அடுப்பு எரியலே. இவன் அப்போ கைப்பிள்ளை. பாலுக்கு அழுவுறான். யாரோ ஒரு பையன், யாரு பெத்த பிள்ளையோ, இடுப்பளவு தண்ணியிலே நடந்து வந்தான். பால் பாக்கெட்டும் சோத்துப் பொட்டலமும் குடுத்தான். பேரு கேக்கக்கூடத் தோணலே."

பேரன் இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தாத்தா அவன் இலையில் கொஞ்சம் நெய் ஊற்றச் சொன்னார். பிறகு அவனிடம், "சாப்பிடு. சாயங்காலம் அந்த பீசாவையும் வாங்கித் தாரேன். இத்தாலிக்காரனும் நம்மளாட்டம் நெல்லு விதைக்கிறவனாம். அவன் பலகாரத்தையும்தான் தின்னு பாப்போமே!" என்றார்.

பையன் முகம் மலர்ந்தது.

பெரியவர் இலையில் ஒரு பருக்கைகூட இல்லை. இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவப் போகும்போது மெஸ் வாசலைப் பார்த்தார். அங்கே ஒரு கிழவி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர் கல்லாவில் மூன்று சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தார். "அந்த ஆயாவை உள்ளே கூப்பிட்டு இலை போடுங்க" என்று சொல்லிவிட்டு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.